காளி கேட்ட கேள்வி

முத்தாரம்மன் துணை

மும்பை
6 செப்டம்பர் 2025

சண்முகசுந்தரிக்கு,

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து உனக்கு முதல் கடிதம் எழுதுகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாய். வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்துவிட்டாய். பக்கத்து வீட்டு சீனித்தாய் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டால், "எழுதிப் போடச் சொல்லுதா தம்பி. எழுத்துல கத்த முடியாதுல்லா" என்கிறாள். சரி, எழுதுகிறேன். ஒரு கையால் சீனி நிறுத்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் செய்த குற்றம் என்ன, சொல்லு. கடையில் நின்றபடி போனில் கூடத்துக் கேமராவைப் பார்க்கிறேன். ஒரு ஆம்பளை நம் சோபாவில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான். முதுகுதான் தெரிகிறது. கேமராவிலேயே ஸ்பீக்கர் இருக்கிறது, அதில் கேட்டேன். "யாருலே நீ? வீட்டுக்குள்ள என்ன சோலி?" என்று கேட்டேன். அவர் மோட்டார் பழுது பார்க்கிற ஆவுடையப்பன் அண்ணாச்சி என்று முதுகில் எழுதியா ஒட்டியிருந்தது? ஆயிரம் மைலுக்கு இந்தப்பக்கம் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

அதற்கு நீ காய் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாய். கடைசியாக நான் பார்த்தது உன் முகத்தைத்தான், ரொம்பக் கிட்டத்தில். பிறகு கூடம் கறுத்துப் போனது. வாசல் கேமராவும் போனது, மாடிப்படிக் கேமராவும் போனது. அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மிளகு கேட்டவருக்குச் சீரகம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

கோபம் உன்னோடு இருக்கட்டும். ஆனால் கொஞ்சம் யோசி. தெருவில் கடைசி வீடு நம்முடையது. பின்சுவருக்கு அப்பால் உப்பளம்தான், கூப்பிட்டால் கேட்க ஆள் கிடையாது. வீட்டில் நீயும் முத்துச்செல்வியும் மட்டும். ஒருத்தன் சுவர் ஏறிக் குதித்தால் என்ன செய்வாய், காய் வெட்டுகிற கத்தியை வைத்து?

ஷாமை அனுப்புகிறேன். கேமரா மாட்டிக் கொடுத்தானே, அந்தப் பையன்தான். பொறுப்பான ஆள். வயரை மாற்றித் தருவான். பேசாமல் கதவைத் திற.

செந்தூர்பாண்டி

*

தூத்துக்குடி
12 செப்டம்பர்

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. முத்து வாசித்துவிட்டு, "அப்பா எழுத்துலயும் கத்துதாவம்மா" என்றாள்.

ஷாம் வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். "அண்ணாச்சி சொல்லி அனுப்புனாவக்கா" என்று கெஞ்சினான். "அண்ணாச்சி வீட்டுல மாட்டு" என்றேன்.

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேலே ஆகிறது. வெயிலில் நின்று மோட்டாரைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தவரை, உள்ளே உட்காருங்கள் என்று காப்பி கொடுத்தவள் நான்தான். நீங்கள் கத்தியதும் அந்த மனுஷர் அண்ணாந்து பார்த்தார். "யம்மா, சுவத்துலேர்ந்து யாரும்மா ஏசுதது?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வேன்? என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். செய்த வேலைக்குக் கூலிகூட வாங்கவில்லை. இனி இந்தத் தெருவில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நடப்பேன்?

ஒன்று கேட்கிறேன், சத்தியமாகச் சொல்லுங்கள். அந்தக் கேமராவைத் திருடனுக்கு வைத்தீர்களா, எனக்கு வைத்தீர்களா? கூடத்தில் நைட்டியோடு நடக்காதே என்று ஒரு போன். சீனித்தாய் அக்கா எதற்கு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறாள் என்று ஒரு போன். கேமரா வைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு திருடனையாவது பிடித்தீர்களா? பிடித்தது என்னைத்தான்.

வீட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் பழைய செருப்பைத் தூசி தட்டி வாசலில் போட்டிருக்கிறேன், பார்க்கிறவன் ஆம்பளை இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வான். இருட்டியதும் உள்ளே விளக்கைப் போட்டு டிவியை ஓட விட்டுவிடுகிறேன். நானும் முத்துவும் ராத்திரி சீனித்தாய் அக்கா வீட்டு மாடியில் போய்ப் படுத்துக்கொள்கிறோம். வயரை அறுத்த அன்றிலிருந்து அங்கேதான். ஒரு வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது.

மோட்டார் நன்றாக ஓடுகிறது. அதையாவது சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுந்தரி

*

முத்தாரம்மன் துணை

மும்பை
17 செப்டம்பர்

சுந்தரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி வீட்டைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டில் போய்ப் படுக்கிறாயா? யாரிடம் கேட்டுக்கொண்டு? நான் இங்கே கடைக்கு மேலே ஒரே ரூமில், தலைமாட்டில் எண்ணெய் டின்னை அடுக்கிவைத்துக்கொண்டு படுக்கிறேன். எதற்கு? நீங்கள் இரண்டு பேரும் அங்கே மார்பிள் தரையில் நிம்மதியாகப் படுக்க வேண்டும் என்றுதானே? நீ என்னடாவென்றால் டிவிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவள் மாடியில் பாய் விரிக்கிறாய்.

பேப்பரைப் பார்த்தாயா? நமக்கு நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் பின்கதவை நெம்பி உள்ளே போயிருக்கிறான். வீட்டுக்காரர்கள் திருச்செந்தூருக்குப் போயிருந்தார்களாம். போகிற அன்றைக்குக் காலையில் அந்த அம்மாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கோயில் படத்தைப் போட்டு "முருகா வருகிறோம்" என்று எழுதியிருக்கிறாள். முருகன் பார்த்தானோ என்னவோ, களவாணி பார்த்துவிட்டான். இப்போது தசரா வேறு வருகிறது. மாவட்டமே குலசை முத்தாரம்மன் கோயிலுக்கு ஓடும். வீடு வீடாகப் பூட்டிக் கிடக்கும். களவாணிக்கு இதைவிட நல்ல காலம் எது?

அதனால் சொல்வதைக் கேள். இன்று ராத்திரியே வீட்டுக்குத் திரும்பிவிடு. பின்கதவுக்குக் குறுக்கே கடப்பாரையை வை. காலையில் கோலம் போடாமல் விடாதே, கோலம் இல்லாத வாசலைப் பார்த்துத்தான் நோட்டம் விடுகிறவன் நிற்பான். ஆட்டோக்காரரிடம் ஊருக்குப் போகிறோம், வருகிறோம் என்று பேச்சுக் கொடுக்காதே. தெரியாதவர் யாராக இருந்தாலும் கிரில்லுக்கு வெளியே நிறுத்திப் பேசு. நேர்த்திக்கு வேஷம் கட்டிக்கொண்டு தசராக் குழு வந்தால் மட்டும் காணிக்கை போடாமல் அனுப்பிவிடாதே, அது தெய்வக் குற்றம்.

ஷாமை நீ விரட்டியது சரியில்லை. பாவம், அவன் தினமும் எனக்குப் போன் போட்டு, "அக்கா வீட்டுலதான இருக்காவ, நல்லாருக்காவளா" என்று விசாரிக்கிறான். அந்த அக்கறை எவனுக்கு வரும்? நீ பக்கத்து வீட்டில் படுப்பதை அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சுந்தரி. அதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

செந்தூர்பாண்டி

*

தூத்துக்குடி
25 செப்டம்பர்

அத்தானுக்கு,

உங்களோடு சண்டை போடுகிற மனநிலையில் நான் இப்போது இல்லை. நேற்று நம் வீட்டில் நடந்ததைக் கேட்டால் உங்கள் உடம்பும் சிலிர்க்கும்.

குலசையில் கொடி ஏறியதிலிருந்து இங்கே தெருவெல்லாம் மேளம்தான். குறவன் வருகிறான், குரங்கு வருகிறது, ராஜா வருகிறார். காணிக்கை போட்டு முடியவில்லை. நேற்று சாயங்காலம் மேளமும் இல்லாமல் குழுவும் இல்லாமல் ஒரு காளி மட்டும் தனியாக வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். நல்ல உயரம். முகம் முழுக்கக் கறுப்பு, தொங்குகிற சிவப்பு நாக்கு, தலையில் பெரிய கிரீடம், கையில் தகரச் சூலம். வேஷம் கட்டினது யார், எந்த ஊர் என்று நாம் பார்ப்போமா? கேட்டைத் திறந்து, குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றி உள்ளே அழைத்தேன். சீனித்தாய் அக்காவும் என்னோடு இருந்தாள்.

கூடத்துக்கு வந்ததும் அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. உடம்பு ஆடியது. குரல் கரகரவென்று மாறிப்போனது.

"ஒன் புருசன் வடக்க கடை வச்சிருக்கான்லா தாயி?" என்றாள்.

இது யாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன். அடுத்து, "மாடில பச்சை பீரோ. அது மேல வாரு அறுந்த பழைய சூட்கேசு. அதுக்கெல்லாம் நான் காவல்" என்றாள். "பிள்ள படிக்கையில இடது கையால முடியச் சுத்திக்கிட்டே படிப்பா" என்றாள். முத்து ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் என்னையே பார்த்துக் கேட்டாள்:

"பிள்ள தூங்குன பொறவு, அந்தச் சாப்பாட்டு மேசையில ஒத்தையில உக்காந்து ஏன் தாயி அழுவுத?"

அத்தான், அது யாருக்கும் தெரியாது. சீனித்தாய் அக்காவுக்குத் தெரியாது. முத்துவுக்குத் தெரியாது. என்னைப் பெற்றவளிடம்கூட நான் சொன்னதில்லை. அப்படியே காலில் விழுந்துவிட்டேன். பக்கத்தில் அக்காவும் விழுந்தாள். ஏன் அழுகிறேன் என்று அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உங்களுக்கு எழுதப்போவதில்லை. இத்தனை வருஷத்தில் என்னை அப்படி ஒரு வார்த்தை கேட்டது அவள் ஒருத்திதான், அதனால் அவளிடம் சொன்னேன். சொன்னதும் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

திருநீறு பூசிவிட்டு அம்மா உத்தரவு கொடுத்தாள். "பத்தாந் திருநாள் சாயங்காலம் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு என் சந்நிதிக்கு வா. சூரசம்காரம் பாரு. ஒன் கவலைய நான் எடுத்துக்கிடுதேன். நகைநட்டக் கழத்தி வீட்டுல வச்சிட்டு வா, கூட்டத்துல களவு போயிரும். வீட்ட நான் பாத்துக்கிடுதேன்."

அக்கா வீட்டு வேனில் எங்களுக்கும் இடம் சொல்லியாகிவிட்டது. அக்டோபர் 2 சாயங்காலம் கிளம்புகிறோம். நம் வீட்டுக்கு இனி உங்கள் கேமராவும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம். பார்க்கிறவள் பார்த்துக்கொள்வாள்.

உங்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுவேன்.

சுந்தரி

*

மும்பை
29 செப்டம்பர்

சுந்தரி,

உன் கடிதம் இன்று மதியம்தான் கைக்கு வந்தது. நம் கடையில் நிற்கிற பாலகணேஷ் குலசைக்குப் போலீஸ் வேஷம் நேர்ந்திருக்கிறான், இன்று ரயில் ஏறுகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கோவில்பட்டியில் இறங்கியதும் வேறெங்கும் போகாமல் நேராக உன்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன். உன்னை இரண்டு தடவை வேறு நம்பரில் கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். சீனித்தாய் அக்காவிடம் சொன்னேன். "தெய்வத்தப் பழிக்காத தம்பி, நாக்கு அழுகிப் போவும்" என்று அவளும் வைத்துவிட்டாள். ஸ்டேஷனுக்குப் போட்டால், எல்லாரும் குலசை பந்தோபஸ்தில் இருக்கிறார்களாம். காளி வந்து அருள்வாக்குச் சொன்னாள், விசாரியுங்கள் என்று கேட்டால் யார் மதிப்பார்?

நீ குலசைக்குப் போகாதே. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகாதே. நகையைக் கழற்றி வைக்காதே.

காளி சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார். நான் வடக்கே இருப்பது, மாடியில் பச்சை பீரோ, அதன் மேலே சூட்கேஸ், முத்து முடியைச் சுற்றுவது, நீ மேசையில் உட்கார்ந்து அழுவது. இதில் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறதா? எல்லாம் எனக்கும் தெரியும். நான் என்ன தெய்வமா? மாடிப்படிக் கேமராவில் பீரோ தெரியும். கூடத்துக் கேமராவில் மேசை தெரியும். நீ அழுவதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். கேமரா பார்த்ததைத்தான் அந்தக் காளி சொல்லியிருக்கிறாள். அடுக்களைக்குள் கேமரா கிடையாது. அடுக்களையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாளா, யோசித்துப் பார்.

அந்தக் கேமராவைப் பார்க்கிற பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. இன்னொருவனிடமும் இருக்கிறது. கடையில் கூட்டமாக இருக்கிற நேரத்தில் நான் பார்க்க முடியாது என்பதால், நீயும் ஒரு கண் வைத்துக்கொள் தம்பி என்று நான்தான் கொடுத்தேன். ஷாமிடம்.

எழுதவே கை கூசுகிறது. என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசு, அப்புறம் ஏசு. இப்போது இதை நம்பு.

செந்தூர்பாண்டி

*

தூத்துக்குடி
4 அக்டோபர்

அத்தானுக்கு,

நானும் முத்துவும் நன்றாக இருக்கிறோம். நகையும் இருக்கிறது. பாலகணேஷ் போனில் சொல்லியிருப்பான், ஆனாலும் என் வாயால் நீங்கள் கேட்க வேண்டும்.

ஒன்றாம் தேதி உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தான். படித்துவிட்டு, அதை நான் நம்பவில்லை. என்னை வீட்டோடு கட்டிப்போட நீங்கள் சாமியையும் விட்டுவைக்கவில்லையே என்று ஆத்திரம்தான் வந்தது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பாலகணேஷ்தான், "யக்கா, அந்தக் காளி திரும்ப வந்தா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. அம்மான்னா சொல்லிட்டுப் போறா" என்றான்.

மறுநாள் காலையில் காணிக்கை வாங்க அதே காளி வந்தாள். தட்டில் காசும் எலுமிச்சம்பழமும் வைத்துக் கொடுத்தேன். சாமியைச் சோதிக்கிறோமே என்று ஒரு பயம், சாமி இல்லை என்றால் எதிரே நிற்பது யார் என்று இன்னொரு பயம். இருந்தாலும் கேட்டேன்.

"தாயே, நேத்து ராத்திரி நான் எங்கன இருந்து அழுதேன்?"

கண்ணை மூடி ஆடிவிட்டு அவள் சொன்னாள்: "அதே மேசையிலதான் தாயி. விளக்கப் போட்டுக்கிட்டு. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

வயரை அறுத்த நாளிலிருந்து நான் ஒரு ராத்திரிகூட அந்த மேசையில் உட்காரவில்லை. வயரை அறுத்த நாளிலிருந்து நான் அழவும் இல்லை.

"சரிம்மா. சாயங்காலம் வேன்ல கிளம்புதோம்" என்று சொல்லிக் கும்பிட்டு அனுப்பினேன். கேட்டைச் சாத்திவிட்டு நேராக அக்கா வீட்டுக்கு ஓடினேன். சீனித்தாய் அக்காவிடம் சொன்னதும் அவள் முதலில் அழுதாள், பிறகு சேலையை இழுத்துச் சொருகினாள். "அம்மா வேசத்தக் கட்டிக்கிட்டா இந்தச் சோலி பாக்கான்? வரட்டும் அவன்" என்றாள். அக்கா வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். ஆள் வர நேரம் ஆகும் என்றார்கள்.

சாயங்காலம் தெருவே பார்க்கும்படி வேன் கிளம்பியது. முத்துவை அக்காவின் நாத்தனாரோடு அனுப்பினேன். முன்சீட்டில் என் சேலையைக் கட்டிக்கொண்டு அக்கா மருமகள் உட்கார்ந்திருந்தாள். நான் நம் அடுக்களைக்குள் கதவுக்குப் பின்னால் நின்றேன். அக்கா எவ்வளவோ தடுத்தாள். என் வீட்டுக்குள் வருகிறவனை என் கண்ணால் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். மாடியில் பாலகணேஷ். பக்கத்து வீட்டில் எங்கள் தெருக் குழு முழுவதும், மேளத்தைத் தொடாமல், மூச்சுக் காட்டாமல்.

விளக்கு வைக்கிற நேரம். மேல் தெருவிலிருந்து காளி சாவகாசமாக நடந்து வந்ததாக அக்கா வீட்டுக்காரர் பிறகு சொன்னார். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று கும்பிட்டுவிட்டுப் போனாராம். அவ்வளவு துணிச்சல். உப்பளத்துப் பக்கம் சுற்றிப்போய்ச் சுவர் ஏறிக் குதித்த சத்தம் எனக்குக் கேட்டது. பின்கதவில் கம்பியை விட்டு நெம்பினான். ஒவ்வொரு நெம்புக்கும் என் தோளுக்குப் பக்கத்தில் சுவர் அதிர்ந்தது. கத்திவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. கிரீடம் இல்லை, சூலம் இல்லை. கறுப்பு முகமும் முடியும் அப்படியே இருந்தது, காலில் ஷூ. குலசைக்கு மாலை போட்ட எவன் காலில் செருப்பு ஏறும்? இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் நேராக மாடிப்படிக்குப் போனான். படி வளைவில் தலை இடிக்குமே, அந்த இடத்தில் சரியாகக் குனிந்தான்.

மேலே டார்ச் வெளிச்சம். "ஏலே, நில்லு! அசைஞ்ச, சுட்டுருவேன்!" என்று பாலகணேஷ் கத்தினான். காக்கிச் சட்டையும் தொப்பியும் லத்தியும் பார்த்ததும் அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். அவனும் வேஷம், இவனும் வேஷம். அதற்குள் குழு முழுவதும் உள்ளே வந்துவிட்டது. எங்கள் தெருவில் நிஜமாக விரதம் இருந்து காளி கட்டினவர்தான் அவன் முடியைப் பிடித்து இழுத்தார். மொத்தமாகக் கையோடு வந்தது.

ஷாம்.

அடிக்க வேண்டாம் என்று தடுத்தேன். தடுக்கவில்லை என்றால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டான். நிஜப் போலீஸ் வருகிற வரைக்கும் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தோம். முகத்தில் மை வழிய என்னைப் பார்த்துச் சொன்னான்: "மத்ததெல்லாம் சும்மா சொன்னதுக்கா. அழுததக் கேட்டது மட்டும் நெசமாத்தான் கேட்டேன். பாக்க பாவமா இருந்துச்சி."

அத்தான், அதைக் கேட்டதும்தான் நான் உடைந்துபோனேன். திருடன் வந்ததற்கு நான் அழவில்லை.

நீங்கள் எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். "நீ அழுவதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்." உங்கள் கையெழுத்துத்தான். அவசரத்தில் எழுதிவிட்டீர்கள், என்ன எழுதினோம் என்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. பார்த்தீர்களா? பார்த்துக்கொண்டா இருந்தீர்கள்? நைட்டிக்குப் போன் போட்டீர்களே, அக்கா உட்கார்ந்திருந்ததற்குப் போன் போட்டீர்களே. நான் அழுததற்கு ஒரு போன் வரவில்லையே. நீங்கள் பார்த்ததைத்தான் அவனும் பார்த்தான். களவாண்டு பிழைக்கிறவன், அவனுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. உங்களுக்குத் தோன்றவில்லை.

ஏன் அழுதேன் என்று அவனிடம் சொன்னேன், சாமி என்று நினைத்து. கட்டிய புருஷனுக்கும் இப்போது சொல்கிறேன். இந்த வீட்டுக்கு நான் காவல்காரியாகிவிட்டேன், அதுதான். உங்களைக் கட்டிக்கொண்டு வந்தபோது வாடகை வீட்டில் ஒரே அறை. மழைக்கு ஒழுகும். அங்கே ஒரு நாளும் நான் பயந்ததில்லை, நீங்கள் பக்கத்தில் படுத்திருந்தீர்கள். இப்போது அஞ்சு அறை, மூணு பூட்டு, கிரில். பீரோவுக்குக் காவல் நான், மார்பிளுக்குக் காவல் நான். எனக்கு யார் காவல்? வருஷத்துக்குப் பத்து நாள் வருகிறீர்கள். வந்ததும் முதலில் சுவரைத் தட்டிப் பார்க்கிறீர்கள், விரிசல் விட்டிருக்கிறதா என்று.

பின்கதவைச் சரிசெய்ய ஆவுடையப்பன் அண்ணாச்சியே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் கேட்கும் முன்னே சொல்லிவிடுகிறேன், கூடத்தில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன்.

கேமரா மாட்ட இனி யாரையும் அனுப்ப வேண்டாம். இந்த வீட்டுக்குக் காவல் இருக்க என்னால் முடியாது. வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சண்முகசுந்தரி

*

மும்பை
9 அக்டோபர்

சுந்தரிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

பழைய பதிவுகள் போனில் இருக்கின்றன. நேற்று கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். வாசலில் யாராவது வந்தால் பதிவில் அந்த நேரத்துக்கு நேரே சிவப்பாகக் கோடு விழும். எப்போதும் அந்தக் கோட்டுக்குத்தான் விரலால் தள்ளிக்கொண்டு போவேன். யார் வந்தார், எப்போது போனார், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நடுவில் நீ உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் தள்ளிவிட்டிருக்கிறேன். நேற்று தள்ளாமல் பார்த்தேன். முழுவதும் பார்க்க என்னால் முடியவில்லை.

பொய் சொல்லி உன்னிடம் தப்பிக்க நினைக்கவில்லை. நீ அழுதது கண்ணில் பட்ட நாட்களும் உண்டு. கேட்டால் "வந்துருங்க அத்தான்" என்று சொல்லிவிடுவாய் என்று பயம். சொல்லிவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? அதனால்தான் நைட்டிக்குப் போன் போட்டேன்.

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "சுவத்துல இல்லாம போன்லயே பேசுதீயளே, அதுவே போதும்" என்றார்.

தீபாவளி லீவுக்கு உனக்கும் முத்துவுக்கும் டிக்கெட் போட்டிருக்கிறேன். இந்தக் கவரிலேயே இருக்கிறது. பிடித்திருந்தால் இங்கேயே பள்ளிக்கூடம் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் உங்களோடு நானும் ஊருக்கு ரயில் ஏறுகிறேன். கடையை என்ன செய்வது என்று அப்போது யோசிக்கலாம். இரண்டில் எது என்று நீ சொல்லு. இங்கே ரூம் ஒன்றுதான். எண்ணெய் டின்னையெல்லாம் கீழே இறக்கிவிட்டேன். குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும், நீ பிடித்து வைக்க வேண்டாம், நான் பிடித்து வைக்கிறேன்.

வீட்டைப் பூட்டி சாவியைச் சீனித்தாய் அக்காவிடம் கொடுத்துவிட்டு வா. விளக்கைப் போட்டு வைக்க வேண்டாம். டிவியை ஓட விட வேண்டாம். திருடன் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

செந்தூர்பாண்டி